தொட்டிக்கு மூடி உண்டா?

பொதிகையில் பிறந்து, நெல்லைச் சீமையை வளமாக்கி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறாள் தாமிரபரணி அன்னை. அவளைக் காக்க ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்கிறோம். சரிதான். ஆயினும், வேதியியல் மாணவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம்: நீரை விட்டு நீங்கும் நஞ்சு எங்கே போகிறது?

திறந்த தட்டில் வைத்த கற்பூரம் தானே தேய்ந்து மறைவதை நாம் அறிவோம். பென்சீன், குளோரோஃபார்ம் போன்ற திரவங்களும் எளிதில் ஆவியாகும் இயல்புடையவை. குளோரோஃபார்ம் 61 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். சுத்திகரிப்புத் தொட்டியில் நுண்ணுயிர்கள் வாழ்வதற்காகக் காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தக் காற்றுக் குமிழிகளே இந்த ஆவிகளைச் சுமந்துகொண்டு மேலே வருகின்றன. நுண்ணுயிர்கள் சிதைக்குமுன் ஒரு பகுதி இவ்வாறு வெளியேறிவிடுகிறது. நீர் தூய்மையாகிறது, நாம் சுவாசிக்கும் காற்று மாசடைகிறது!

கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004-ஆம் ஆண்டில் எளிய வாளிக் கருவியால் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர். நச்சு ஆவிகள் பல அதில் கண்டறியப்பட்டன. நம் கங்கைகொண்டானிலும் சிப்காட் வளாகம் இருக்கிறது அல்லவா?

இதற்கு வழி உண்டு. தொட்டியை மூடி, வெளியேறும் காற்றைக் கிளர்வூட்டிய கரியின் வழியே செலுத்தினால் ஆவிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே அக்கரியைத் தயாரிக்கலாம்.

ஆலை வரும்போது, "கழிவுநீர் எங்கே போகும்?" என்று கேட்கிறோம். இனி, "தொட்டிக்கு மூடி உண்டா?" என்றும் கேட்போமாக!