ஓசூரில் சில நாள் நிதானமாகத் தங்கலாமா?

சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெங்களூரு போகும்போது ஓசூரைக் கடந்திருப்பீர்கள். தொழிற்சாலை, லாரி, நெரிசல் என்று சன்னல் வழியே பார்த்த ஊரில் முதுகுப் பையோடு போய்த் தங்க முடியுமா? தாராளமாக முடியும், செலவும் குறைவு. போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயில் வாட்டாதா?

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் சென்னையின் புழுக்கம் இங்கே கிடையாது. மார்கழி, தை இரவுகளில் நன்றாகவே குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரி தாழ்வான ஊர், அங்கே கோடை சுடும். கோடையில் வருகிறீர்கள் என்றால் ஓசூரில் தங்கிக்கொண்டு, கிருஷ்ணகிரிக்குக் காலையில் போய்த் திரும்புவது நல்லது.

எந்த மாதிரி இடத்தில் தங்குவது?

புதுச்சேரியில் இருப்பதுபோல் பயணிகள் விடுதிகள் வரிசையாக இங்கே இல்லை. 1970-களில் சிப்காட் (அரசின் தொழில் வளாகம்) வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. எனவே தங்குமிடங்களும் வேலையாக வருபவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் உண்டு. தொழிலாளர்களும் ஊழியர்களும் மாத வாடகைக்குத் தங்கும் பிஜி-க்களும் (சாப்பாட்டோடு கூடிய விடுதி) உண்டு. நாலு நாளுக்கு லாட்ஜே சரி. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் பிஜி-யில் கேட்டுப் பாருங்கள். ஆனால் முன்பணம் எவ்வளவு, கிளம்பும்போது எவ்வளவு திரும்ப வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அறையைப் பார்க்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

நான்கு கேள்விகள் போதும். முதலாவது, நெடுஞ்சாலைப் பக்கம் பார்க்காத அறை உண்டா? லாரி சத்தம் விடியவிடிய ஓயாது. இரண்டாவது, நாள் கணக்கு நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, அல்லது மறுநாள் மதியத்தோடு முடிகிறதா? இரவு பத்து மணிக்கு நுழைபவருக்கு இதில் பத்து மணி நேரம் வித்தியாசம். மூன்றாவது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? நான்காவது, சொல்லும் வாடகை வரியோடு சேர்த்தா? முகூர்த்த நாட்களில் அறை கிடைப்பது கடினம். நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வரி எவ்வளவு?

ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆயிரம் ரூபாய் அறைக்கு 1,050 ரூபாய் ஆகும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய லாட்ஜ் இந்த வரியை வசூலிக்கக் கூடாது. எனவே வரி கேட்டால், ஜிஎஸ்டி எண் அச்சிட்ட ரசீது கேளுங்கள்.

என்ன அடையாள அட்டை வேண்டும்?

முகவரி உள்ள அட்டை வேண்டும்: ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார் ஆகியவற்றில் ஒன்று. பான் அட்டையில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆதார் நகல் கொடுப்பதானால் மறைக்கப்பட்ட ஆதாரை (கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் நகல்) கொடுங்கள். வெளிநாட்டு நண்பர் உடன் வந்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் வெளிநாட்டவர் தங்கல் பற்றிய தகவலை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரவு நேரத்தில் வேறு அறை தேடி அலைய நேரும்.

வண்டி இல்லாமல் சுற்ற முடியுமா?

முடியும். ஓசூரில் ரயில் நிலையம் உண்டு, கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லை, பேருந்துதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. பெங்களூருக்குள் போக, பேருந்தில் பொம்மசந்திரா வரை சென்று மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறலாம். 2025 ஆகஸ்டில் திறந்த இந்தத் தடம், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் சிக்காமல் உங்களைக் கொண்டுபோய்விடும். பெங்களூரு விமான நிலையம் அந்த நகரத்தின் வட கோடியில் இருக்கிறது. விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில், பயணத்துக்கு மட்டும் மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மொழி சிக்கல் வருமா?

வராது. எல்லை ஊர் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கடைத்தெருவில் புழங்கும். தொழிற்பேட்டைப் பக்கம் இந்தியும் கேட்கும்.

பார்க்க என்ன இருக்கிறது?

காலையில் சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலுக்கு ஏறுங்கள், ஊர் முழுவதும் கீழே விரியும். அடுத்த நாள் தொரப்பள்ளிக்குப் போகலாம். ராஜாஜி 1878-ல் பிறந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், ஆங்கிலேயர் பிடித்த இராயக்கோட்டைக்கு ரயிலிலேயே போகலாம். கோட்டை ஏற்றத்துக்குத் தண்ணீரும் தொப்பியும் அவசியம். ஆனி மாதம் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் காலம். அணைக்கட்டுப் பூங்காவையும், அங்கே சூடாகப் பொரித்துத் தரும் மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கிடைக்கும் மெஸ்ஸில் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். கேழ்வரகு இந்த மண்ணின் பயிர்.

எங்கே எச்சரிக்கை வேண்டும்?

கெலவரப்பள்ளி அணையின் நீரில் இறங்க வேண்டாம். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து, இங்கே நுரை பொங்கிய செய்தி பலமுறை வந்திருக்கிறது.

ஐப்பசி தொடங்கிச் சில மாதங்கள், பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் வரும். அறுவடைக்கு நிற்கும் கேழ்வரகுதான் அவற்றை இழுக்கிறது. அந்தச் சாலைகளில் இருட்டிய பிறகு நடக்கவோ பைக்கில் போகவோ கூடாது.

காட்டுக்குள் மலையேற்றம் போக ஆசையா? 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அய்யூர்–சாமி ஏரித் தடம் அந்தப் பட்டியலில் உண்டு. அனுமதியில்லாமல் ‘நான் கூட்டிப் போகிறேன்’ என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

மொத்தத்தில், வரலாமா?

கடற்கரையும் இரவுக் கொண்டாட்டமும் தேடுபவருக்கு இந்த ஊர் ஒத்துவராது. குளிர்ந்த காலைகளும் மலைக்கோட்டைகளும் சிக்கனமான அறையும் போதும் என்பவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நாளுக்கு ஓர் இடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மதியத்தைச் சும்மா விடுங்கள். பெங்களூரு போகும் வழி என்று மட்டும் நினைக்காமல், அடுத்த முறை ஓசூரிலேயே இறங்கித் தங்கிப் பாருங்கள்.