பாதி லாரி... பாதி டாங்கி... முழு ரகளை!

லாரிக்கும் டாங்கிக்கும் கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் எப்படி இருக்கும்? முகம் அப்படியே அப்பா லாரி. பின்பக்கம் அச்சு அசல் அம்மா டாங்கி. அதற்குப் பெயர்தான் 'ஹாஃப் ட்ராக்'. முன்னால் திரும்புகிற இரண்டு டயர்கள், பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகச் சுற்றுகிற பட்டைகள். இரண்டாம் உலகப் போர் சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். மேலே கூரை இல்லாத பெட்டியில் சிப்பாய்களை அடைத்துக்கொண்டு சேற்றைக் கலக்கிக்கொண்டு வருமே, அதுதான்!

அதில் அமெரிக்காவின் எம்-3 என்கிற ரகம், பொம்மையாக என்னிடம் ஒன்று இருக்கிறது. நிஜ வண்டியில் பதினெட்டில் ஒரு பங்கு. பள்ளிக்கூட ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். தயாரிப்பு நின்றுபோன பிளாஸ்டிக் பொம்மை. பழைய பொருள் கடையில் பேரம் பேசி வாங்கியது. தள்ளினால் நகரும், தள்ளாவிட்டால் நிற்கும். (எங்கள் ஆபீஸ் ஃபைல் ஜாதி!) இதை ரிமோட்டில் ஓட வைத்தால் என்ன என்று ஒரு ஆசை.

அதற்கு வண்டியின் வயிற்றைக் கிழித்தாக வேண்டும். தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆபீஸில் ஒரு நண்பர் பழைய பொம்மைகள் சேர்ப்பவர். விஷயம் காதில் விழுந்ததுமே பதறிப்போய் ஓடிவந்தார். "சார், தயவுசெஞ்சு கத்தி வெச்சிடாதீங்க. அப்படியே எங்கிட்ட குடுத்துடுங்க. நீங்க வாங்கின விலைக்கு மூணு மடங்கு தர்றேன். வெட்டிட்டீங்கன்னா பத்து பைசா தேறாது!"

மூன்று மடங்கு! அதுவும் மாசக் கடைசி! வீட்டில் சொன்னதும் மனைவியின் முகத்தில் ஆயிரம் வாட் வெளிச்சம். "அப்புறம் என்னங்க யோசனை? கிச்சன்ல மிக்ஸி மூணு மாசமா முக்கிட்டு இருக்கு."

ஒரு வாரம் பொம்மை பீரோ மேலேயே உட்கார்ந்திருந்தது. விற்கவா, வெட்டவா? கடைசியில் எனக்குத் தீர்ப்பு சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் அடோல்ஃப் கெக்ரெஸ்.

ரஷ்யாவின் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் கார் ஷெட்டைக் கவனித்துக்கொண்டவர் இவர். ராஜாவிடம் விலை உயர்ந்த கார்கள் இருந்தன. என்ன பிரயோஜனம்? குளிர்காலத்துப் பனியில் சக்கரம் புதைந்து நின்றுவிடும். கெக்ரெஸ் என்ன செய்தார் தெரியுமா? ராஜாவின் கார் என்றுகூடப் பார்க்காமல் பின்சக்கரங்களைக் கழற்றிக் கடாசிவிட்டு அந்த இடத்தில் ரப்பர் பட்டைகளை மாட்டினார். கார் பனிமேல் ஓடியது. பிற்பாடு ஜார் போய் லெனின் வந்தார். அவருடைய ரோல்ஸ்ராய்ஸுக்கும் இதே கெக்ரெஸ் பட்டைதான்! மாஸ்கோ அருகே கோர்க்கி மியூசியத்தில் இருக்கிறது அந்தக் கார்.

கெக்ரெஸ் ஊருக்குத் திரும்பி சிட்ரோயன் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய பட்டை வண்டிகள் ஐந்து, 1922 டிசம்பரில் கிளம்பி சஹாரா பாலைவனத்தைக் கடந்து 1923 ஜனவரியில் டிம்பக்டு போய்ச் சேர்ந்தன. 1931-ல் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் கிளம்பிய கூட்டத்தில் இரண்டு வண்டிகள் நம் ஸ்ரீநகர் வழியாக இமயமலை ஏறி கில்கிட் வரை போயின. பாதை இல்லாத இடங்களில் வண்டியை அக்கக்காகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி பூட்டினார்கள். எம்-3-யின் ரப்பர் பட்டையும் இந்த வம்சம்தான்.

ஆக, இந்த ஹாஃப் ட்ராக் வம்சமே ஒரு நல்ல காரை வெட்டியதால் பிறந்தது! 'வெட்டினால் மதிப்பு போய்விடும்' என்று கெக்ரெஸ் கார்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் என் பொம்மையே கிடையாது. எடுத்தேன் ஹாக்ஸா பிளேடை.

இனி வேலை. வண்டியை ஓட வைப்பது சுலபம் ஸார். திருப்புவதுதான் கஷ்டம்!

முன்சக்கரங்கள் பொம்மையில் ஆடாமல் அசையாமல் ஒரே அச்சில் இருந்தன. அச்சை நடுவில் வெட்டி, இரண்டு முனையிலும் கதவுக் கீல் மாதிரி ஒரு மூட்டு வைத்தேன். இதைத் திருப்ப 'சர்வோ' என்று தீப்பெட்டி சைஸில் ஒரு சமாசாரம் கிடைக்கிறது. உள்ளே குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், ரேடியோ வால்யூம் குமிழ் மாதிரி ஒன்று. ரிசீவரிலிருந்து செகண்டுக்கு 50 தடவை மின்துடிப்பு வரும். துடிப்பு ஒன்றரை மில்லி செகண்ட் இருந்தால் நேரே பார்க்கும். ஒன்று என்றால் ஒரு பக்கம், இரண்டு என்றால் மறுபக்கம். சொன்ன பேச்சு கேட்கிற ஒரே பிராணி.

இன்னொரு சூட்சுமம். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கம் பெரிய வட்டம். எனவே உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் லாங்கன்ஸ்பெர்கர். 1818-ல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் அக்கர்மன். இன்றைக்கு அதற்குப் பெயர் 'அக்கர்மன் ஸ்டியரிங்'. வேலை ஒருத்தன், பெயர் இன்னொருத்தன். ஆபீஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

பின்னாலும் இதே கணக்குதான். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே பத்து செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிப்பட்டை உள்பட்டையைவிட 63 செ.மீ. அதிகம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் கட்டினால் எப்படி ஓடும்? மாட்டு வண்டியில் இரண்டு மாட்டின் கழுத்தையும் ஒன்றாகக் கட்டினமாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒரு உடைந்த ரிமோட் காரிலிருந்து டிஃபரன்ஷியலோடு பின் அச்சைக் கழற்றிப் பொருத்தினேன். நிஜ எம்-3-யிலும் டிஃபரன்ஷியல்தான். ஜெர்மன்காரர்கள் ஒரு படி மேலே போய், ஸ்டியரிங்கை ரொம்ப ஒடித்தால் உள்பக்கப் பட்டைக்குத் தானாகவே பிரேக் விழும்படி செய்திருந்தார்கள்.

வேகம்? நிஜ வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். பதினெட்டால் வகுத்தால் 4. அதாவது, ஆபீஸ் விட்டு நாம் வீட்டுக்கு நடக்கிற வேகம். மூன்று செ.மீ. சக்கரம் நிமிஷத்துக்கு 700 சுற்று சுற்றினால் போதும். மோட்டாரோ பத்தாயிரத்துக்கு மேல் பறக்கிற ஆசாமி. பல்சக்கரம் வைத்துப் பதினைந்தில் ஒன்றாக அடக்கினால் வேகம் குறைந்து வலு கூடும். பொம்மை கார்களில் பல பேர் கோட்டை விடுகிற இடம் இது. டாங்கி ஜாதி வண்டி எலி மாதிரி ஓடினால் நன்றாகவா இருக்கும்?

ரிசீவரைப் பின்பெட்டியின் சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். நிஜத்தில் பத்து சிப்பாய்கள் உட்கார்ந்த இடம். பக்கத்துத் தகடு வெறும் ஆறு மில்லி மீட்டர் தடிமன், மேலே திறந்த வானம். அமெரிக்காவில் போரில் காயம்பட்டவருக்குத் தரும் மெடல் 'பர்ப்பிள் ஹார்ட்'. சிப்பாய்கள் இந்த வண்டிக்கே 'பர்ப்பிள் ஹார்ட் டப்பா' என்று பெயர் வைத்தார்களாம். ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்தபோது அது ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வராந்தாவில் வெள்ளோட்டம். குச்சியை முன்னால் தள்ளினேன். ஓடியது! வலப்பக்கம் திருப்பினேன். டயர்கள் வலப்பக்கம் திரும்பின. வண்டி நேரே போனது!

ஏன்? பின்பட்டை தரையை நீளமாகப் பிடித்துக்கொண்டு 'நேரேதான் போவேன்' என்கிறது. முன்னால் எடையில்லை. மொழுக்கென்ற பிளாஸ்டிக் டயர் மொசைக்கில் வழுக்குகிறது. வைத்தியம் இரண்டு. பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி டயருக்குச் சட்டை போட்டேன். பின்னால் வைக்கவிருந்த பேட்டரியை, நிஜ வண்டியில் இன்ஜின் இருக்கும் பானெட்டுக்குள்ளேயே குடியேற்றினேன். மூக்கு கனத்தது. வண்டி திரும்பியது!

பொம்மை சேகரிப்பு நண்பர் வந்து பார்த்தார். வெட்டுக் காயங்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "விலை போச்சே சார்..." உண்மைதான், போய்விட்டது. பிறகு "ஒரு தடவை குடுங்க" என்று ரிமோட்டை வாங்கியவர், முக்கால் மணி நேரம் திருப்பித் தரவில்லை.

நீங்களும் இறங்குவதானால் சில வார்த்தைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் செட் வாங்குங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் போல அடுத்த வீட்டுப் பையனின் ரிமோட்டுக்கு உங்கள் வண்டி ஓடாது. பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுவது இதற்குத்தான். வெட்டுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். லித்தியம் பேட்டரியை அதற்கென்று உள்ள சார்ஜரில், கண்ணெதிரே வைத்து சார்ஜ் செய்யுங்கள். இரவில் சொருகிவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். உப்பிப்போனால் இரக்கம் காட்டாமல் ஒதுக்கிவிடுங்கள்.

முக்கியமாக, ஹாக்ஸா பிளேடைக் கையில் எடுப்பதற்கு முன் வீட்டுக்குப் புது மிக்ஸி வாங்கிவிடுங்கள்!