தன் திரியைத் தானே கலைக்கும் ஒளி

மேடையில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘கீ’ என்று ஊளையிடும், கேட்டிருப்பீர்கள். வெளியே வந்த சத்தமே மறுபடி மைக்குக்குள் நுழைந்து, சுற்றச் சுற்றப் பெரிதாகிறது. வானொலிக்காரர்களுக்கு அது தலைவலி. ஒளியை வைத்து அதே வேலையைச் செய்தால் லேசர்!

சாதாரண லேசரில் ஒளி தருவது படிகமோ வாயுவோ. 1971இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் மேடி வேறு வழி சொன்னார். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் எலெக்ட்ரான்களை, வடக்கு தெற்கு என மாறி மாறி அடுக்கிய காந்தங்களுக்கிடையே அனுப்பினால், பாம்புபோல் நெளிந்து ஒளி விடும். இரு பக்கமும் கண்ணாடி வைத்து அந்த ஒளியைத் திருப்பி அனுப்பினால் வலுவேறும். இதுதான் கட்டற்ற எலெக்ட்ரான் லேசர்.

எலெக்ட்ரான்களை ஒருமுறையோடு வீசாமல், வளையத்தில் சுற்றவிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் என்ன? சிக்கனமான யோசனை. பாரிசுக்கு அருகே ஓர்சேயில், ‘ஏசிஓ’ சேமிப்பு வளையத்தில் 1983இல் செய்தே காட்டினார்கள். சுற்றளவு 22 மீட்டர்தான். எலெக்ட்ரான் கொத்து விநாடிக்குச் சுமார் 1 கோடியே 36 லட்சம் முறை சுற்றிவிடும். (சேமிப்பு வளையம் நமக்கும் அந்நியமல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ‘ஹீலியோஸ் 2’ என்ற சிறிய வளையம் அமைக்கப்பட்டது. அதில் இந்த லேசர் கிடையாது, அவ்வளவுதான்.)

சிக்கல் எங்கே? ஒளி, தன்னைப் பெற்ற கொத்தைச் சும்மா விடுவதில்லை. சில எலெக்ட்ரான்களை முன்னே தள்ளுகிறது, சிலவற்றைப் பின்னே இழுக்கிறது. மொத்தக் கணக்கில் ஒளிக்கு லாபம். ஆனால் ஒரே வேகத்தில் ஓடிய கூட்டத்தில் பாதிப் பேரைத் தள்ளி, மீதிப் பேரை இழுத்துப் பிடித்தால் என்னவாகும்? கூட்டம் சிதறும். எலெக்ட்ரான்களின் ஆற்றலில் வேறுபாடு கூடும், கொத்து நீளும், அடர்த்தி குறையும். கலைந்த கூட்டத்தால் ஒளியை முன்போல் பெருக்க முடியாது. கண்ணாடிகளில் இழக்கும் அளவுக்குத்தான் வரவு என்றானதும் லேசர் வளர்வது நின்றுவிடும்.

கொத்தைத் தேற்றுவதும் ஒளிதான். வளைவுகளில் எலெக்ட்ரான்கள் இயல்பாகவே கதிர் வீசுகின்றன. ஆற்றல் மிகுந்தவை அதிகமாக இழக்கும், குறைந்தவை கொஞ்சமாக இழக்கும். வேறுபாடு மெல்லச் சுருங்கும். அதற்குப் பல மில்லி விநாடிகள் பிடிக்கும். தேறியதும் லேசர் மறுபடி எழும், மறுபடி கலைக்கும். அதனால்தான் ஏசிஓவில் ஒளி விட்டுவிட்டு வெடிப்புகளாக வந்தது. வளையம் வீசும் இயல்பான கதிரின் சக்தியில் ஒரு சிறு பங்குக்கு மேல் லேசர் தராது என்று இத்தாலியரான ரெனியேரி முன்பே கணக்கிட்டிருந்தார்.

2017இல் ஹாம்பர்க்கில் திறந்த 3.4 கிலோமீட்டர் நீள ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் இந்தச் சிக்கனத்தையே கைவிட்டது. ஒவ்வொரு கொத்தும் ஒரே ஓட்டம், பிறகு குப்பைக்கு.

ஆனால் நான் மிகவும் ரசித்தது வேறொன்று. அடர்ந்த கொத்து, தான் உண்டாக்கும் மின்காந்தப் புலத்தாலேயே நிலைகுலைந்து துள்ளுவதுண்டு. ஓர்சேயின் அடுத்த வளையமான சூப்பர் ஏசிஓவில் லேசரை எரியவிட்டபோது அந்தத் துள்ளல் அடங்கியது. கூட்டத்தைச் சற்றே கலைத்துவிட்டதால் நெரிசல் குறைந்துபோயிற்று.