ஏழை மாணவரும் பாடசாலைத் தெரிவும்

பொருளுடையார் பிள்ளை விரும்பிய கல்லூரியிற் சேர்கின்றது. ஏழையின் பிள்ளையோ அண்மையிலுள்ள பாடசாலையோடு அமைகின்றது. இவ்வேற்றுமையைக் களைய நம் நாடு செய்த முயற்சியை ஈண்டு நோக்குவோம்.

முன்னாளில் தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. எனினும் உயர் உத்தியோகத்துக்கு வழியாயிருந்த ஆங்கிலக் கல்லூரிகள் பெரும்பாலும் கட்டணம் பெற்றே கற்பித்தன. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பெற்ற ஏழைச் சிறுவர் அவற்றின் விடுதிகளில் தங்கிக் கற்றனர். 1980இல் இலவசப் பாடநூல்களும் 1993இல் இலவசச் சீருடையும் கிடைக்கலாயின.

இன்றும் அப்பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெறும் பிள்ளை பெயர்பெற்ற கல்லூரியில் இடம்பெறலாம். குடும்ப வருமானம் குறைவாயின் உதவிப்பணமும் உண்டு. ஆயினும் பஸ் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் வழியற்ற பெற்றோர்க்குக் கிடைத்த இடமும் கிடையாததே. பத்து வயதில் ஒரு பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளைக்கோ வேறு தெரிவே இல்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கன இரண்டு: தொலைவிலிருந்து வரும் ஏழை மாணவனை விடுதியில் வைத்துப் பேணுதல், அவன் ஊர்ப் பாடசாலையையும் தெரிவுக்குத் தகுதியுடையதாக உயர்த்துதல். பழைய மாணவர் இவ்விரண்டினையும் தம் கடனெனக் கொள்வாராக.