வாலைப் பார்... காதைப் பார்!

தெருவில் திரிந்த ஒரு நாயை உங்கள் வீட்டில் எடுத்து வளர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை அது எங்கே இருந்தது? யார் சோறு போட்டார்கள்? யாராவது அடித்தார்களா? கேட்டால் பதில் சொல்லாது. ஆனால், அதன் உடம்பும் நடத்தையும் கொஞ்சம் துப்பு கொடுக்கும்.

முதலில் காதைப் பாருங்கள். காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறதா? கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட தெருநாய்களுக்கு வைக்கும் அடையாளமாக இருக்கலாம். சென்னையில் இந்தக் கருத்தடைத் திட்டத்தை 1964-ல் தொடங்கியது புளூ கிராஸ் அமைப்பு. 'உட்கார்' என்றதும் உட்காருகிறதா? அப்படியானால் யாரோ பழக்கியிருக்கிறார்கள்!

துடைப்பத்தை எடுத்தாலே ஓடி ஒளிகிறதா? 'பாவம், அடி வாங்கிய நாய்' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 12-வது வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும்தான் குட்டிக்கு 'பழகிய உலகம்'. அப்போது துடைப்பத்தையே பார்க்காத நாயும் பிறகு அதற்குப் பயப்படலாம். மாமல்லபுரம் கடற்கரையில் பிறந்த குட்டிக்கு அலைச் சத்தம் பழக்கம். அதையே செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டால், ரயில் சத்தத்தில் நடுங்கலாம்!

சில பயங்களுக்கு உண்மையிலேயே கதை உண்டு. 1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம். விஞ்ஞானி இவான் பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளுக்குள் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. பிறகு ஒருநாள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், மீட்கப்பட்ட நாய் ஒன்று மறுபடியும் கலங்கிப்போனது! வெள்ளம் வந்தது பாவ்லோவுக்குத் தெரியும். தெரியாதவர் பார்த்திருந்தால், 'இது என்ன கோழை நாய்' என்றுதான் சொல்லியிருப்பார்.

அதனால், ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். நாய் எப்போது பயந்தது, என்ன சத்தம் கேட்டது, யார் வந்தார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். சில வாரங்களில் எதற்குப் பயம் என்பது புரியும். காரணம் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: பயமுறுத்தும் பொருளைத் தூரத்தில் வைப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, நிறையப் பொறுமை.

வால் கால்களுக்கு இடையே போய், காது பின்னால் மடிந்தால், 'என்னைத் தனியாக விடு' என்று பொருள். உறுமினால் விலகிவிடுங்கள். உறுமலுக்காகத் திட்டக் கூடாது. அது கடிக்கும் முன் தரும் எச்சரிக்கை. மீறிக் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் ஒரு மான் இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? அதைச் செதுக்க, பல்லவர் காலச் சிற்பி எத்தனை நாள் மான்களைக் கவனித்திருப்பார்! நீங்களும் கவனியுங்கள்.