உலோகங்களின் கடினத்தன்மைச் சோதனை

கடினத்தன்மைச் சோதனை என்பது ஓர் உலோகத்தின் மேற்பரப்பு, தன்னுள் மற்றொரு பொருள் அழுந்திப் பதிவதை எந்த அளவுக்கு எதிர்க்கிறது என்பதை எண்ணால் அளக்கும் முறையாகும். குறிப்பிட்ட வடிவமுள்ள கடினமான அழுத்துமுனை ஒன்றைக் குறிப்பிட்ட சுமையுடன் உலோகத்தின் மேல் அழுத்தி, அதனால் ஏற்படும் பள்ளத்தின் அகலம் அல்லது ஆழம் அளக்கப்படுகிறது. பள்ளம் சிறிதானால் உலோகம் கடினமானது.

கடினத்தன்மையையும் உடையாத தன்மையையும் மாணவர்கள் பலர் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். கண்ணாடி கடினமானது, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும். எஃகுக்கும் இது ஓரளவு பொருந்தும். சூடேற்றித் தண்ணீரில் தோய்த்த உளி மிகக் கடினமாக இருக்கும். அதை மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் முதல் அடியிலேயே முனை தெறித்துவிடக்கூடும். அதிகம் பதப்படுத்தினாலோ முனை மழுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான நிலையை, பொருளை உடைத்துப் பார்க்காமலே அறிய உதவுவதுதான் கடினத்தன்மைச் சோதனையின் பயன்.

பழைய பட்டறைகளில் இதற்கு அரமே கருவியாக இருந்தது. அரம் உராய்ந்து பொடி உதிர்ந்தால் உலோகம் அரத்தைவிட மென்மையானது. வழுக்கிச் சென்றால் அதற்கு நிகரானது அல்லது அதைவிடக் கடினமானது. அனுபவமுள்ள கை இதில் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆனால் அந்தக் கை உணர்ந்ததை ஓர் எண்ணாக எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

பிரினெல் முறை

சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900-ஆம் ஆண்டில் முன்வைத்த முறை இது. 10 மி.மீ. விட்டமுள்ள குண்டு ஒன்று, எஃகுக்கு 3000 கிலோகிராம் விசையுடன் 10 முதல் 15 விநாடிகள் அழுத்தப்படுகிறது. மென்மையான உலோகங்களுக்குச் சுமை குறைக்கப்படும். பின்னர் வட்டப் பள்ளத்தின் விட்டம் சிறிய நுண்ணோக்கியால் அளக்கப்படும். சுமையைப் பள்ளத்தின் வளைபரப்பால் வகுத்தால் கிடைப்பது பிரினெல் எண். எடுத்துக்காட்டாக, மேற்கண்ட சுமையில் பள்ளத்தின் விட்டம் 4 மி.மீ. என்றால் பிரினெல் எண் 229 ஆகும். தொடக்கத்தில் எஃகுக் குண்டு பயன்பட்டது. கடினமான பொருளில் அழுத்தும்போது குண்டே நசுங்கியதால், இப்போது டங்ஸ்டன் கார்பைடு குண்டு பயன்படுத்தப்படுகிறது.

பெரிய பள்ளம் இம்முறையின் குறையும் நிறையும் ஆகும். வார்ப்பிரும்பில் கிராஃபைட்டும் இரும்பும் கலந்திருக்கும். சிறிய முனை எதன்மேல் விழுகிறதோ அதன் அளவையே காட்டும், 10 மி.மீ. குண்டு இரண்டின் சராசரியைத் தரும். மேலும் சாதாரண எஃகுகளில் பிரினெல் எண்ணை ஏறத்தாழ 3.45-ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். இது தோராயக் கணக்கே என்றாலும், இழுவைச் சோதனைக்கெனத் துண்டு வெட்ட முடியாத இடங்களில் பெரிதும் உதவுகிறது.

ராக்வெல் முறை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பந்துத் தாங்கி தயாரிப்பில் இருந்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914-இல் இக்கருவிக்குக் காப்புரிமை கோரினர். 1919-இல் அது வழங்கப்பட்டது. தாங்கி வளையங்கள் சரியாகக் கடினமாக்கப்பட்டுள்ளனவா என்பதை உற்பத்தியின்போதே விரைவாக அறிவது அவர்களின் தேவை. எனவே அகலத்தை விட்டு ஆழத்தை அளந்தனர். நுண்ணோக்கியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

முதலில் 10 கிலோகிராம் முன்சுமை கொடுக்கப்பட்டு முனை பரப்பில் நன்றாகப் பதிய வைக்கப்படும். அந்த நிலையே சுழியாகக் கொள்ளப்படும். பின் முழுச்சுமை ஏற்றி, மீண்டும் முன்சுமைக்குத் திரும்பியதும் எஞ்சிநிற்கும் ஆழம் அளக்கப்படும். கடினமான எஃகுக்கான சி அளவுகோலில் 120 பாகை வைரக் கூம்பும் 150 கிலோகிராம் முழுச்சுமையும் பயன்படும். பித்தளை, மென்எஃகு போன்றவற்றுக்கான பி அளவுகோலில் 1.588 மி.மீ. குண்டும் 100 கிலோகிராமும் பயன்படும். ஒவ்வொரு 0.002 மி.மீ. ஆழமும் ஒரு புள்ளி. சி அளவுகோலில் 100-இலிருந்து இப்புள்ளிகள் கழிக்கப்படும். 0.08 மி.மீ. ஆழம் 40 புள்ளிகள்; ஆகவே கடினத்தன்மை 60.

ஒரு புள்ளி 0.002 மி.மீ. என்பதை நினைவில் கொண்டால் இக்கருவி ஏன் தூய்மையைக் கேட்கிறது என்பது விளங்கும். பொருளின் அடியில் ஒட்டிய பிசிறோ செதிலோ முழுச்சுமையில் 0.01 மி.மீ. நசுங்கினாலும் கருவி 5 புள்ளி குறைத்துக் காட்டும். நல்ல பொருள் கழிவுக்குப் போய்விடும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. பற்சக்கரங்களுக்குப் பெரும்பாலும் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்படுகிறது. உட்பகுதி அதிர்வைத் தாங்குமாறு மென்மையாக விடப்படுகிறது. பள்ளத்தின் ஆழத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தடிமன் இருக்க வேண்டும் என்பது வைரக் கூம்புக்கான பொது விதி. 60 அளவுள்ள பரப்புக்கு இது 0.8 மி.மீ. ஆகும். கடின அடுக்கு 0.3 மி.மீ. மட்டுமே இருந்தால் மென்மையான உட்பகுதியும் சேர்ந்து அமுங்கும், எண் குறையும். அதை நம்பிச் சக்கரத்தை மறுபடி கடினமாக்கினால் பற்கள் நொறுங்கும் நிலைக்குப் போகலாம். மெல்லிய அடுக்குக்கு 15 கிலோகிராம் சுமையுள்ள மேற்பரப்பு ராக்வெல் அளவுகோலோ விக்கர்ஸ் முறையோ தேவை.

விக்கர்ஸ், நூப் முறைகள்

1921-இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் ஸ்மித், சாண்ட்லேண்ட் இருவரும் உருவாக்கிய முறையில், எதிர்முகங்களுக்கிடையே 136 பாகை கோணமுள்ள சதுர வைரப் பிரமிடு அழுத்தப்படுகிறது. பள்ளத்தின் இரு மூலைவிட்டங்களின் சராசரி அளக்கப்படும். ஈயம் முதல் கடின எஃகுவரை ஒரே முனை, ஒரே அளவுகோல் போதும் என்பது இதன் சிறப்பு. ஆனால் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகூட்ட வேண்டும், நேரமும் ஆகும். நூப் முறையில் முனை நீண்ட வைர வடிவத் தடத்தை விடும். மெல்லிய பூச்சுகளுக்கு அது ஏற்றது.

எடுத்துச் செல்லக்கூடிய கருவிகள்

பெரிய உருளை, குழாய், அச்சு ஆகியவற்றைக் கருவியிடம் கொண்டுவர இயலாது. அவற்றுக்கு 1975-இல் டீட்மர் லீப் உருவாக்கிய எதிரடி முறை பயன்படுகிறது. சிறு மோதுபொருள் மீளும் வேகத்தை மோதும் வேகத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் லீப் எண் கிடைக்கும். மெல்லிய தகடு அதிர்வதால் இக்கருவி அதில் பிழையான எண்ணைத் தரும்.

இந்தியாவில் பிரினெல், விக்கர்ஸ், ராக்வெல் முறைகளுக்கு முறையே ஐ.எஸ். 1500, 1501, 1586 ஆகிய தரங்கள் உள்ளன. கருவி சரியாக இருக்கிறதா என்பது, கடினத்தன்மை பொறிக்கப்பட்ட தரக்கட்டையால் பார்க்கப்படுகிறது. கட்டையின் ஒரு முகம் நிரம்பியதும் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தும் பழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. அது தவறு. முதல் முகத்துப் பள்ளங்களின் விளிம்புகள் மேடிட்டிருப்பதால் கட்டை தாங்குமேடையில் சரியாக அமராது.