திருப்புளி எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை. மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும். இரண்டே திருகாணிகள், பத்து நிமிட வேலை. ஆனால் திருப்புளியைக் காணோம். கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், இல்லை. சன்னல் திட்டு, தையல் இயந்திரத்தின் இழுப்பறை, பரண், வண்டி நிறுத்துமிடம் என்று எல்லா இடங்களிலும் துழாவிவிட்டு மீண்டும் பெட்டியைத் திறந்தேன், இல்லை. மணி பன்னிரண்டு ஆயிற்று. "வச்ச இடத்துலதான் இருக்கும், நல்லாப் பாருப்பா" என்றார் அம்மா. வைத்த இடம் தெரிந்தால் நான் ஏன் தேடப் போகிறேன்?

இந்த அனுபவம் இல்லாத வீடு இராது. சாவி, கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, குறடு, குடை இவை நம் கண்ணெதிரே இருந்துகொண்டே மறைந்துவிடும் வல்லமை பெற்றவை. பழியைக் குழந்தைகள் மீதோ நம் மறதியின் மீதோ போட்டுவிட்டு நாம் அமைதி அடைகிறோம். இரண்டும் முழு உண்மை அல்ல. இயற்பியல் கற்பிப்பவன் ஆகையால், கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சுவரில் 10 ஆணிகள், 10 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் உரிய ஆணி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு அவற்றை மாட்டினால் எத்தனை விதமாக மாட்டலாம்? முதற் கருவிக்கு 10 ஆணிகள், அடுத்ததற்கு 9, அதற்கடுத்ததற்கு 8 என்று பெருக்கிக்கொண்டே போனால் 36,28,800 விதங்கள் வரும். அவற்றுள் சரியானது ஒன்றே ஒன்று. ஊண் உறக்கமின்றி நொடிக்கு ஒரு விதமாக மாற்றி மாட்டிக்கொண்டே இருந்தாலும் எல்லாவற்றையும் முடிக்க 42 நாட்கள் ஆகும். உண்மையான வீட்டிலோ கருவி கிடக்கக்கூடிய இடங்கள் 10 அல்ல, நூற்றுக்கணக்கானவை. ஆகவே பொருள்கள் இடம் மாறுவதற்கு எவருடைய குறும்பும் தேவையில்லை. சரியான நிலை ஒன்று, தவறான நிலைகள் எண்ணற்றவை என்பதே போதும்.

வெப்பம் ஏன் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்கிறது என்பதற்கு ஆஸ்திரிய அறிஞர் போல்ட்ஸ்மான் 1877இல் இதே வகையான எண்ணிக்கையைக் கொண்டுதான் விடை கண்டார். அணுக்கள் அமையக்கூடிய விதங்கள் எந்த நிலைக்கு மிகுதியோ, அந்த நிலையை நோக்கியே பொருள்கள் செல்கின்றன. அந்த மிகுதியின் அளவே என்ட்ரோபி. கருவிப் பெட்டியின் குழப்பத்தையும் என்ட்ரோபி என்று சொன்னால் என் துறையினர் சிலர் சண்டைக்கு வருவார்கள். திருப்புளி, அணுவைப் போலத் தானாக ஓடியாடுவதில்லை. அதனை நகர்த்துவது நம் கை. அவர்கள் சொல்வது சரிதான். ஆயினும் எண்ணும் முறை ஒன்றே.

இந்தச் சிதறலை வென்ற ஓர் ஏற்பாடு நம் அடுக்களையிலேயே உண்டு. அஞ்சறைப்பெட்டியில் கடுகு தொலைந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. மின்சாரம் போன இருட்டிலும் பாட்டியின் விரல்கள் சீரகத்தை விட்டுக் கடுகை எடுத்துவிடும்.

இதையே ஒரு பெருந்தொழிலாகச் செய்து காட்டியது எங்கள் மாவட்டத்துச் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமல்ல, அச்சுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. ஆஃப்செட்டும் கணிப்பொறியும் வருமுன் அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் பக்கம் அமைத்தார்கள். கம்பாசிட்டரின் முன்னே சரிவாக நிற்கும் மரத்தட்டுக்குக் கேஸ் என்று பெயர். அதில் சிறு சிறு அறைகள். தமிழில் எழுத்து 247 ஆயினும், கொம்பும் காலும் தனித் துண்டுகளாக இருந்தமையால் அத்தனை அறைகள் வேண்டியதில்லை. ஆனாலும் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் போலச் சுலபமன்று. கம்பாசிட்டரின் கண் கையெழுத்துப் படியில் இருக்கும். கை தானே உரிய அறைக்குச் சென்று எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் வைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது கோக்கும் வேகத்தை அல்ல, அச்சடித்து முடிந்தபின் நடந்த வேலையை. பக்கத்தைக் கலைத்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். சலிப்பூட்டும் வேலை, ஆனால் கூலி கொடுத்துச் செய்விக்கப்பட்ட வேலை. ஒரு 'ன' தவறிப்போய் 'ண' அறையில் விழுந்தால், பின்னொரு நாள் யாருடைய கலியாணப் பத்திரிகையிலோ அது பிழையாய் முளைக்கும். ஒழுங்கு இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை அச்சகத்தார் கணக்குப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நாமோ வீட்டில் ரெகுலேட்டரை மாட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம்.

அதே ஊர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் கருவி எங்கே இருக்கிறது என்பது சலிப்புக்குரிய செய்தி மட்டுமன்று. மருந்து கையாளும் அறையில் பயன்படும் கருவிகள் மரம், செம்பு, பித்தளை போன்ற மென்மையான பொருள்களால் ஆனவையாக இருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதி. காரணம் எளிது. இரும்பு கல்லிலோ இரும்பிலோ மோதும்போது மிக நுண்ணிய துகள்கள் சீவப்படுகின்றன. சீவும் வேலையே அவற்றைச் சூடாக்குகிறது; துருவேறாத புதிய பரப்பு காற்றின் ஆக்சிஜனைச் சந்தித்ததும் துகள் எரிந்து ஒளிர்கிறது. சாணை பிடிப்பவரின் சக்கரத்திலிருந்து சிதறும் பொறிகள் இவையே. செம்பும் பித்தளையும் மென்மையானவை. வெப்பத்தை விரைந்து கடத்திவிடுபவை. அவற்றின் துகள்கள் இப்படி எரிவதில்லை. அதற்காகப் பித்தளை முழுக் காப்பு என்று எண்ணிவிடக் கூடாது. உராய்வு எந்தப் பொருளிலும் வெப்பம் தரும். சில மருந்துக் கலவைகளுக்கு அந்த உராய்வே போதும். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்த கலவை அத்தகையது. அதனை இந்திய அரசு 1992இல் தடை செய்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். கதவுக் கீலைச் சரிசெய்ய வந்தவர் ஓர் இரும்புத் திருப்புளியைச் சாக்கின் அடியில் விட்டுச் செல்கிறார். என் வீட்டில் அதற்கு விலை அரை நாள். அங்கே விலை வேறு. பட்டாசு விபத்துகளின் விசாரணையில் திரும்பத் திரும்ப வருபவை அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள், முரட்டுத்தனமான கையாளல் முதலியவை. தொலைந்த கருவியைப் பெருங்காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் உள்ளே போன இரும்பு வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு நிமிடந்தான்.

வானூர்திகளைப் பழுது பார்க்கும் கூடங்களில் இதற்கு ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கருவியின் உருவக்கோடும் பலகையில் தீட்டப்பட்டிருக்கும். கருவி இல்லையென்றால் அதன் நிழல் மட்டும் தெரியும். பொருளை அல்ல, பொருளின் இன்மையைக் காட்டும் பலகை அது. நாம் தேடத் தொடங்குமுன்பே, தொலைந்த உடனே செய்தி சொல்லிவிடும். இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் மனிதக் கை மனிதக் கைதான். 2008 நவம்பர் 18 அன்று விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க வீராங்கனையின் கருவிப் பை கைநழுவி மிதந்து போய்விட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் அது வளிமண்டலத்தில் விழுந்து எரியும்வரை பூமியிலிருந்தே அதைத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்தும் எடுக்க முடியாத பொருள்!

நம்முடைய சங்கடம் இடம் தெரியாததுதான். ஏன் தெரிவதில்லை? மறந்துவிட்டோம் என்கிறோம். மறப்பதற்கு முதலில் மனத்தில் பதிந்திருக்க வேண்டுமல்லவா? திருப்புளியைக் கீழே வைத்த கணத்தில் தொலைபேசி மணி அடித்திருக்கும். கவனம் அங்கே போயிருக்கும். கை தன் போக்கில் வைத்திருக்கும். பதிவே இல்லாத ஏட்டைப் புரட்டிப் பயனில்லை. ஓர் அறையிலிருந்து மறு அறைக்குள் நுழைவதே மறதியைத் தூண்டுகிறது என்று அமெரிக்காவில் ராட்வான்ஸ்கி என்ற உளவியலாளர் 2011இல் சோதனை செய்து காட்டினார். ஆனால் 2021இல் ஆஸ்திரேலியாவில் சிலர் சோதித்தபோது, மனம் ஏற்கெனவே வேறு சுமையில் இருந்தபோதுதான் அவ்விளைவு தெரிந்தது. வாசற்படியைக் காட்டிலும் கவனச் சிதறலே குற்றவாளி போலும்.

கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலை நிறுத்துங்கள். அந்த விரலின் அகலம், ஏறக்குறைய 2 டிகிரி, அவ்வளவு பரப்பைத்தான் ஒரு கணத்தில் கண் கூர்மையாகக் காண்கிறது. மற்றதெல்லாம் மங்கல், மூளை இட்டு நிரப்பிக்கொள்வது. பெட்டியைத் திறந்து 'பார்த்துவிட்டேன்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாலைந்து கட்டைவிரல் அளவைப் பார்த்ததையே.

இங்கே நிகழ்தகவுக் கணக்கு உதவுகிறது. திருப்புளி பெட்டியில் இருக்க 60 விழுக்காடு வாய்ப்பு. மற்ற 8 இடங்களுக்குத் தலா 5 விழுக்காடு என்போம். பெட்டியில் இருந்தால், ஒரு முறை பார்க்கும்போது கண்ணில் படுவதற்கு 70 விழுக்காடு வாய்ப்பு. ஒரு முறை பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. இப்போது பெட்டிக்குரிய வாய்ப்பு என்ன? சுழி அன்று. 60இல் பத்தில் மூன்று பங்கு, அதாவது 18, எஞ்சி நிற்கிறது. மற்ற இடங்களின் 40ஐச் சேர்த்தால் மொத்தம் 58. ஆகவே பெட்டிக்கு 58இல் 18, அதாவது 31 விழுக்காடு. மற்ற இடம் ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடுகூட இல்லை. அடுத்தும் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும்! ஆனால் ஒரு நிபந்தனை: முன்பு பார்த்தவாறே மேலிருந்து எட்டிப் பார்த்தால் கணக்குச் செல்லாது, வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

இது விளையாட்டுக் கணக்கு அன்று. 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதன் ஒலிக்கருவிகளின் ஓசையைக் கேட்டுக் கண்டுபிடிக்க முயன்ற கப்பல்கள், ஓசை கேளாத பகுதிகளை 'தேடியாயிற்று' என்று ஒதுக்கின. பிறகு புள்ளியியலாளர்கள், அக்கருவிகளே பழுதாகியிருந்தால் என்ன என்று வினவிக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். ஒதுக்கப்பட்ட பகுதிக்கு வாய்ப்பு மீண்டும் உயர்ந்தது. அங்கே தேடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், 2011 ஏப்ரல் தொடக்கத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது.

பிற்பகல் நான் செய்தித்தாள் ஒன்றைத் தரையில் விரித்துக் கருவிப் பெட்டியை அப்படியே கவிழ்த்தேன். உப்புத்தாளில் சுருண்டு, சிவப்புக் கைப்பிடி உட்புறமாய் மறைந்து, திருப்புளி அதற்குள் இருந்தது.